செயற்கை ஓபியாய்டுகள்: சட்டத்துக்கு இரண்டு அளவுகோல்கள்

மூளை, தண்டுவடம், குடல் ஆகியவற்றின் நரம்புச் செல்களில் உள்ள ஒருவகை ஏற்பிகளில் பொருந்தி, வலியுணர்வை அடக்கும் பொருட்களுக்கு ஓபியாய்டுகள் என்று பெயர். அறுவைசிகிச்சை அரங்கிலும் புற்றுநோய் வார்டிலும் இவற்றுக்கு நிகரான மாற்று இன்றுவரை இல்லை. இதே பொருட்கள்தான் அமெரிக்காவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 70,000 பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமாயின. அந்த மரணங்களில் பெரும்பாலானவை ஃபென்டனில் என்ற ஒரே செயற்கை மூலக்கூறோடும் அதன் உறவு மூலக்கூறுகளோடும் தொடர்புடையவை. நோயாளிக்குத் தேவையான மருந்தும் தெருவில் கொல்லும் போதைப்பொருளும் ஒன்றே என்பதால், இவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. தவறான கைகளுக்குப் போகாமல் தடுப்பது ஒன்று. வலியில் துடிப்பவருக்குக் கிடைக்கச் செய்வது மற்றொன்று. உலக நாடுகள் பலவற்றிலும், குறிப்பாக இந்தியாவிலும், முதல் கடமையில் காட்டிய அக்கறை இரண்டாவதில் காட்டப்படவில்லை.

மூன்று தலைமுறைகள்

ஓபியாய்டுகளை அவற்றின் பிறப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் பாலான அபினில் இயற்கையாகவே உள்ளவை. மார்ஃபின், கோடீன் போன்றவை இந்த வகை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளுநர் ஃபிரீட்ரிக் செர்டியூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்தார். இரண்டாவது, அந்த இயற்கைப் பொருட்களில் வேதிமாற்றம் செய்து பெறப்படும் பாதிச் செயற்கை ஓபியாய்டுகள். ஹெராயின், ஆக்சிகோடோன், பியூப்ரெனார்ஃபின் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது வகைக்கு அபினும் வேண்டாம், வயலும் வேண்டாம். ஆய்வகத்தில் எளிய வேதிப்பொருட்களிலிருந்து தொடங்கி முழுமையாக உருவாக்கப்படுபவை அவை.

முழுச் செயற்கை ஓபியாய்டுகளின் வரலாறு 1930-களின் இறுதியில் ஜெர்மனியில் தொடங்குகிறது. அங்கே அடுத்தடுத்து பெதிடினும் மெதடோனும் உருவாக்கப்பட்டன. பெதிடின் பிற்காலத்தில் பிரசவ வலிக்கும் அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் உலகெங்கும் பயன்பட்டது. மெதடோனின் போக்கு வேறு. உடலில் நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் அதன் இயல்பைப் பயன்படுத்தி, ஹெராயினுக்கு அடிமையானவர்களை மீட்கும் சிகிச்சையை வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் 1960-களின் நடுவில் நியூயார்க்கில் தொடங்கினர். டிரமடால் 1962-ல் ஜெர்மனியில் உருவாகி 1977-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. அதன் வழிவந்த டேப்பென்டடாலுக்கு அமெரிக்கா 2008-ல் அனுமதி வழங்கியது.

இந்த வரிசையில் மிக வீரியமானது ஃபென்டனில். பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சன் 1960-ல் இதை உருவாக்கினார். ஏற்கெனவே தெரிந்த வலிநிவாரணிகளின் மூலக்கூறில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து, எந்த மாற்றம் வீரியத்தைக் கூட்டுகிறது என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது அவரது முறை. கொழுப்பில் எளிதில் கரையும் மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் விரைவாக நுழையும் என்பதே அவருடைய கணிப்பு. கணிப்பு பலித்தது. மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியம் கொண்டது ஃபென்டனில். 10 மில்லிகிராம் மார்ஃபின் தரும் நிவாரணத்தை 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் தந்துவிடும். ரத்தக்குழாயில் செலுத்திய சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். இதயத்தைப் பெரிதாகப் பாதிக்காது. மயக்கவியல் மருத்துவருக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் இதில் இருந்ததால், பெரிய அறுவைசிகிச்சைகளில் இது தவிர்க்க முடியாத மருந்தாயிற்று. தோலில் ஒட்டிக்கொண்டால் 72 மணி நேரம் மெதுவாக மருந்தைக் கசியவிடும் ஃபென்டனில் பட்டை 1990-களிலிருந்து புற்றுநோயாளிகளுக்குக் கிடைக்கிறது. வாயால் மாத்திரை விழுங்க முடியாத நோயாளிக்கு அது பெரிய வரம்.

மூச்சு நிற்பது ஏன்?

ஓபியாய்டுகள் பொருந்தி வலியைக் குறைக்கும் ‘மியூ’ என்ற அதே ஏற்பிகள் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்புச் செல்களிலும் இருக்கின்றன. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது ‘மூச்சை இழு’ என்று உடல் தரும் ஆணை, ஓபியாய்டின் அளவு மிகும்போது மழுங்கிவிடுகிறது. மூச்சு மெதுவாகிறது, ஆழம் குறைகிறது, பின்பு நின்றுவிடுகிறது. ஓபியாய்டு மரணம் என்பது பெரும்பாலும் மூச்சு நின்ற மரணம்தான். ஃபென்டனில் வேகமாகச் செலுத்தப்பட்டால் மார்புத் தசைகள் இறுகிப்போவதும் உண்டு. அறுவைசிகிச்சை அரங்கில் செயற்கைச் சுவாசக் கருவியும் அதை இயக்கும் மருத்துவரும் அருகிலேயே இருப்பதால் ஆபத்து இல்லை. தெருவில் அந்தக் காவல் கிடையாது.

வீரியமும் அளவும் சேர்ந்துதான் ஃபென்டனிலைத் தெருவில் கொடியதாக்குகின்றன. பழக்கமில்லாத ஒருவரைக் கொல்ல ஏறக்குறைய 2 மில்லிகிராம் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அது சில உப்புத் துகள்களின் அளவு. கள்ள மாத்திரை அச்சடிப்பவர் எவராலும் அந்த நுண்ணளவை மாவுக்குள் சீராகக் கலக்க முடியாது. ஒரே தொகுதியில் ஒரு மாத்திரையில் ஒன்றுமே இராது. அடுத்ததில் உயிர்போகும் அளவு இருக்கும். அமெரிக்க இசைக்கலைஞர் பிரின்ஸ் 2016-ல் இறந்தது ஃபென்டனிலால்தான். வேறு வலிநிவாரணி போல அச்சிடப்பட்ட போலி மாத்திரைகள் அவரது இல்லத்தில் கண்டெடுக்கப்பட்டன.

இன்னொரு இயல்பையும் புரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து எடுத்துக்கொள்பவரின் உடல் ஓபியாய்டுக்குப் பழகிவிடும். அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில வாரங்கள் இருந்துவிட்டால் அந்தப் பழக்கம் உடலிலிருந்து போய்விடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுப்பவர் இறந்துபோகிறார். சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்கள் இவர்களுக்கு மிக ஆபத்தானவை என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகிச்சை தராமல் சிறையில் மட்டும் அடைக்கும் கொள்கை உயிரைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

நின்றுபோகும் மூச்சை மீட்க ஒரு மருந்து இருக்கிறது. நலாக்சோன் அதன் பெயர். ஏற்பியிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். தானாக எந்தப் போதையும் தராது. 1971-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, அங்கே 2023-ல் மூக்கில் பீய்ச்சும் வடிவில் மருத்துவர் சீட்டின்றியே கடையில் வாங்கும் மருந்தாயிற்று. ஓபியாய்டு பயன்படுத்துவோரின் குடும்பத்தார், நண்பர்கள் போன்றோரின் கையிலும் நலாக்சோன் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் பரிந்துரைத்தது.

ஒரு மூலக்கூறின் உறவுகள்

ஃபென்டனிலின் மூலக்கூறு நான்கு பகுதிகளைக் கொண்டது. நடுவில் பிப்பரிடின் என்ற வளையம். ஒரு முனையில் பீனைல் எத்தில் தொடர். மறுமுனையில் நைட்ரஜனோடு இணைந்த இன்னொரு பீனைல் வளையம். அதே நைட்ரஜனில் புரொப்பியோனைல் குழு. இந்த நான்கில் எதை மாற்றினாலும் புதிய பொருள் ஒன்று பிறக்கும். ஒரு மெத்தில் குழுவைத் தொடரில் சேர்த்தால் ஆல்ஃபா மெத்தில் ஃபென்டனில். நடு வளையத்தில் சேர்த்தால் 3-மெத்தில் ஃபென்டனில். புரொப்பியோனைலுக்குப் பதில் அசெட்டைல் வைத்தால் அசெட்டைல் ஃபென்டனில். ஃபியூரான் வளையம் வைத்தால் ஃபியூரனைல் ஃபென்டனில். பீனைல் வளையத்தில் ஃபுளோரின் சேர்த்தால் பாரா ஃபுளோரோ ஃபென்டனில்.

இந்த உறவுகளில் சில மருத்துவத்துக்குப் பெரிதும் உதவின. சுஃபென்டனிலும் அல்ஃபென்டனிலும் 1970-களில் உருவாகி அறுவைசிகிச்சைக்குப் பயன்பட்டன. ரெமிஃபென்டனில் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகளால் சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால், அறுவைசிகிச்சை முடிந்ததும் நோயாளி உடனே விழித்துக்கொள்கிறார். கார்ஃபென்டனில் மனிதருக்கானதே அல்ல. மார்ஃபினைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு வீரியம் கொண்ட அது, யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்குவதற்காகவே பயன்பட்டது. 2002 அக்டோபரில் மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கில் தீவிரவாதிகள் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்தபோது, ரஷ்யப் படையினர் உள்ளே செலுத்திய வாயுவால் 120-க்கும் மேற்பட்ட பிணைக்கைதிகள் இறந்தனர். உயிர்பிழைத்த பிரிட்டிஷ் குடிமக்களின் உடையையும் சிறுநீரையும் பின்னர் ஆராய்ந்தபோது, கார்ஃபென்டனில், ரெமிஃபென்டனில் ஆகியவற்றின் தடயங்கள் கிடைத்தன.

சட்டத்தை ஏய்ப்பதற்காகவே செய்யப்பட்ட உறவுகள் 1979 வாக்கில் கலிஃபோர்னியாவில் தோன்றின. அங்கே ‘சைனா ஒயிட்’ என்ற பெயரில் விற்கப்பட்ட தூளை உட்கொண்டு இறந்தவர்களின் உடலில் ஹெராயின் இல்லை. ஆய்வு செய்தபோது அது ஆல்ஃபா மெத்தில் ஃபென்டனில் என்று தெரிந்தது. அந்தப் பொருள் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லாததால், அதைத் தயாரித்ததும் விற்றதும் அந்த நேரத்தில் குற்றமே அல்ல. 1981-ல் அது பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அடுத்த உறவுகள் தெருவுக்கு வந்தன.

கள்ள வேதியியலின் மற்றொரு கொடுமையும் அதே மாநிலத்தில் நிகழ்ந்தது. பெதிடினின் உறவான எம்.பி.பி.பி. என்ற பொருளைச் சிலர் தயாரித்தபோது, வினையில் நேர்ந்த பிழையால் எம்.பி.டி.பி. என்ற நச்சு உடன் உருவாயிற்று. 1982-ல் அதை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் அசையவோ பேசவோ முடியாமல் உறைந்து போயினர். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன், முதியவர்களைத் தாக்கும் பார்க்கின்சன் நோயின் முற்றிய அறிகுறிகளே அவை என்று கண்டறிந்தார். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களை அந்த நச்சு அழித்திருந்தது. பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கு அது புதிய வழியைத் திறந்தது உண்மைதான். அதற்கு விலையாக அந்த இளைஞர்களின் வாழ்க்கை போயிற்று.

சட்டம் கையாளும் நான்கு வழிகள்

உலக அளவில் அடிப்படைச் சட்டம் 1961-ம் ஆண்டின் போதைப்பொருட்கள் குறித்த ஐ.நா. தனி உடன்படிக்கை. வலியைத் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை. அவை போதிய அளவில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று அதன் முகப்புரையே சொல்கிறது. தீய பயன்பாட்டைத் தடுப்பதும் அதே ஆவணத்தின் நோக்கம். ஒரு புதிய பொருளை இதன் பட்டியலில் சேர்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். வியன்னாவில் கூடும் 53 நாடுகளின் ஆணையம் வாக்களிக்கும். ஃபென்டனில் 1964-லேயே பட்டியலுக்கு வந்துவிட்டது. கார்ஃபென்டனில் 2018-ல் சேர்க்கப்பட்டது. பொருட்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுப்பதே இந்த முதல் வழி. இதில் தெளிவு உண்டு. எது குற்றம் என்பது எவருக்கும் தெரியும். வேகம்தான் கிடையாது. ஒரு பொருளை ஆராய்ந்து வாக்கெடுத்து முடிப்பதற்குள் வேதியியலாளர் அடுத்ததைத் தயாரித்துவிடுகிறார்.

இரண்டாவது வழி தற்காலிக அவசரத் தடை. அமெரிக்கா 1984-ல் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான புதிய பொருளை முழு ஆய்வுக்குக் காத்திராமல் குறிப்பிட்ட காலத்துக்குத் தடைசெய்யும் அதிகாரத்தைப் பெற்றது.

மூன்றாவது, 1986-ல் அதே நாடு இயற்றிய ஒப்புப்பொருள் சட்டம். தடைசெய்யப்பட்ட பொருளோடு வேதியமைப்பிலும் விளைவிலும் பெரிதும் ஒத்திருக்கும் எதையும், மனிதர் உட்கொள்வதற்காக விற்றால், தடைசெய்யப்பட்டதாகவே அச்சட்டம் கருதுகிறது. ‘பெரிதும் ஒத்திருத்தல்’ என்பதற்கு வரையறை இல்லாததால், ஒவ்வொரு வழக்கிலும் வேதியியல் வல்லுநர்கள் எதிரெதிர் சாட்சி சொன்னார்கள். ‘மனிதர் உட்கொள்ள அல்ல’ என்று உறையில் அச்சிட்டு விற்பது தப்பிக்கும் தந்திரமாயிற்று. 2015-ல் மெக்ஃபேடன் வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர் தான் கையாள்வது இன்ன தன்மையான பொருள் என்று அறிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான்காவது, மூலக்கூறு வகை முழுவதையும் வரையறுத்துத் தடுப்பது. ஃபென்டனிலின் அடிப்படை அமைப்பைச் சொல்லி, இன்னின்ன இடங்களில் இன்னின்ன மாற்றம் செய்த எதுவும் தடை என்று பிரிட்டன் 1986-லேயே சட்டம் செய்தது. அமெரிக்கா 2018 பிப்ரவரியில் தற்காலிகமாகவும், 2025 ஜூலையில் நிரந்தரமாகவும் இந்த வழிக்கு வந்தது. கள்ளச் சந்தைக்குச் சரக்கு பெருமளவில் போய்க்கொண்டிருந்த சீனாவும், 2019 மே 1 முதல் ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

வகைத் தடையால் பலன் உண்டு. புதிது புதிதாக வந்துகொண்டிருந்த ஃபென்டனில் உறவுகளின் பெருக்கம் அதன்பிறகு தணிந்தது. ஆனால் குறை இரண்டு. ஒத்த அமைப்பு உள்ள எல்லாப் பொருட்களுக்கும் ஒத்த வீரியம் கிடையாது. சில ஏற்பியைத் தொடாமலே போகும். சில நலாக்சோன் போல எதிர்மருந்தாகவும் அமையலாம். எல்லாவற்றையும் கடுமையான பட்டியலில் வைத்தால், அடுத்த எதிர்மருந்தையோ பாதுகாப்பான வலிநிவாரணியையோ தேடும் ஆய்வாளருக்கு அனுமதி வாங்குவதே பெரும்பாடாகிவிடும். அடுத்த குறை, கடத்தல் நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. சீனா தடைசெய்தபின், அங்கிருந்து மூலவேதிப்பொருட்கள் மெக்சிகோவுக்குச் சென்று, கடத்தல் கும்பல்களின் ஆய்வகங்களில் ஃபென்டனிலாகி அமெரிக்காவுக்குள் நுழைந்தன. என்.பி.பி., ஏ.என்.பி.பி. என்ற இரு மூலப்பொருட்களை 2017-ல் ஐ.நா. கட்டுப்படுத்தியதும், அவற்றுக்கு முந்தைய நிலையில் உள்ள வேதிப்பொருட்களுக்குக் கும்பல்கள் மாறின. 2022-ல் அவற்றில் மூன்றும் பட்டியலுக்கு வந்தன.

அடுத்த குடும்பம்

ஃபென்டனில் வகை அடைபட்டபோது, சந்தை முற்றிலும் வேறான ஒரு குடும்பத்தைப் பழைய ஆய்வேடுகளிலிருந்து தோண்டி எடுத்தது. நிடாசீன்கள் 1950-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன ஆய்வகத்தில் உருவானவை. வலிநிவாரணிகளாக வீரியம் மிகுந்திருந்தும், மூச்சை நிறுத்தும் அபாயம் காரணமாக அவை மருந்தாக விற்பனைக்கு வரவேயில்லை. ஐசோடோனிடாசீன் என்ற நிடாசீனில் தொடங்கி, 2019 முதல் அவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தலைகாட்டின. இவை வேதியமைப்பில் ஃபென்டனிலோடு எந்த உறவும் இல்லாதவை. அதனால் ஃபென்டனில் வகைத் தடை இவற்றைத் தொடவில்லை. எஸ்தோனியா, லாட்வியா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இவற்றால் மரணங்கள் நேர்ந்தன. பிரிட்டன் 2025 ஜனவரியில் நிடாசீன்களையும் வகையாகவே தடைசெய்தது. சீனாவும் அதே ஆண்டில் அவ்வாறே செய்தது.

எஸ்தோனியாவின் அனுபவத்தில் ஒரு பாடம் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஹெராயின் வரத்து குறைந்தபோது, அந்த இடத்தை ஃபென்டனிலும் 3-மெத்தில் ஃபென்டனிலும் பிடித்துக்கொண்டன. சின்னஞ்சிறிய அந்த நாடு ஐரோப்பாவிலேயே மக்கள்தொகை விகிதத்தில் மிக அதிகமான போதை மரணங்களைச் சந்தித்தது. ஆப்கானிஸ்தானில் 2022-ல் தாலிபான் ஆட்சி கசகசாச் சாகுபடியைத் தடைசெய்தபோது, ஹெராயினுக்குப் பதில் செயற்கைப் பொருட்கள் ஐரோப்பாவில் பரவுமோ என்ற அச்சம் எழுந்ததற்கு இந்த முன்னனுபவமும் காரணம். தேவை குறையாமல் வரத்தை மட்டும் அடைத்தால், சிறிய பொட்டலத்தில் அடங்கும் வீரியமான பொருளே அங்கு வந்து சேரும். கடத்துபவருக்கு அதுதான் எளிது.

இந்தியாவின் வேறான சிக்கல்

இந்தியாவில் ஃபென்டனில் மரணங்கள் அமெரிக்காவைப் போலப் பெருகவில்லை. இங்குள்ள சிக்கல் மருந்துத் தொழிலோடு பிணைந்தது. மலிவான மருந்துகளை உலகுக்குத் தரும் நாடு இது. அதே ஆலைகளின் சரக்கு பக்கவழியிலும் போகிறது. 2017-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில், இந்தியாவிலிருந்து லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 3.7 கோடி டிரமடால் மாத்திரைகள் பிடிபட்டன. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் கூலித் தொழிலாளர்களும் இளைஞர்களும் டிரமடாலுக்கு அடிமையாகிக் கிடந்த காலம் அது. டிரமடாலைப் பொறுத்தவரை ஐ.நா. பட்டியலில் அது இன்றளவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பலமுறை ஆராய்ந்தும் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. ஏழை நாடுகளில் புற்றுநோயாளிக்கு எளிதில் கிடைக்கும் ஓபியாய்டு அது ஒன்றுதான். பட்டியலில் சேர்த்தால் அதுவும் இல்லாமல் போகும் என்ற கவலை அதற்கு ஒரு காரணம்.

இந்தியா 2018 ஏப்ரலில் டிரமடாலை 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) கீழ்க் கொண்டுவந்தது. 5 கிராம் வரை சிறிய அளவு; 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. பிணை கிடைப்பது மிகக் கடினம். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தூரில் ஒரு கள்ள ஆய்வகத்தில் சுமார் 9 கிலோ ஃபென்டனிலை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் கைப்பற்றினர். அபாயம் எல்லைக்கு அப்பால் மட்டும் இல்லை என்பதை அது உணர்த்தியது.

டிரமடால் அடைபட்டதும் சந்தை டேப்பென்டடாலுக்கு நகர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு டேப்பென்டடாலையும், தசை தளர்த்தியான கேரிசோபுரோடாலையும் ஒரே மாத்திரையில் சேர்த்து ஏற்றுமதி செய்வது 2025-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தபின், அந்தக் கூட்டு மாத்திரையின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தந்த அனுமதிகளை இந்திய அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டிலும் இந்த நிழல் விழுந்திருக்கிறது. சென்னையிலும் பிற நகரங்களிலும் ‘உடல்வலி நிவாரணி மாத்திரைகள்’ பிடிபட்டதாக அடிக்கடி வரும் காவல் துறைச் செய்திகளில் பெரும்பாலும் இருப்பது டேப்பென்டடால்தான். மாத்திரையை நீரில் கரைத்து இளைஞர்கள் ரத்தக்குழாயில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தோடு சேர்ந்திருக்கும் மாவுப்பொருட்கள் கரையாமல் ரத்தக்குழாயை அடைப்பதும், பகிர்ந்துகொள்ளும் ஊசியால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரவுவதும் போதையைவிட நீண்ட காலம் நிற்கும் கேடுகள்.

சட்டத்தின் எடைக் கணக்கிலும் ஒரு நெருடல் உள்ளது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில், கலப்படப் பொருளும் சேர்ந்த மொத்த எடையையே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கை மாத்திரைக்குப் பொருத்தினால், 50 மில்லிகிராம் டிரமடால் கொண்ட மாத்திரையில் சேர்ந்திருக்கும் மாவின் எடையும் குற்றத்தின் எடையாகிறது. 250 கிராம் தூய டிரமடால் என்றால் 5,000 மாத்திரைகள். மொத்த எடையில் பார்த்தால் அதைவிட மிகக் குறைவான மாத்திரைகளிலேயே வணிக அளவு எட்டிவிடும். தெருமுனையில் விற்கும் அடிமைப்பட்ட இளைஞரும், லாரியில் அனுப்பும் மொத்த வியாபாரியும் ஒரே தண்டனையில் நிற்பது நீதியாகாது.

மார்ஃபின் கற்றுத்தந்த பாடம்

கடுமையான சட்டம் யாரைத் தண்டித்தது என்பதற்கு இந்தியாவிலேயே வருத்தமான சான்று உண்டு. உலகுக்கு அபின் தந்த நாடு இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு கசகசா பயிராகிறது. ஆயினும் 1985-ல் என்.டி.பி.எஸ். சட்டம் வந்தபின், நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு அந்த ஆண்டின் 716 கிலோவிலிருந்து 1997-ல் 18 கிலோவாக வீழ்ந்தது. மருத்துவமனை ஒன்று மார்ஃபின் வாங்க, மாநிலத்தின் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது; ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் பத்தாண்டு சிறை என்ற அச்சத்தில் மருந்தகங்கள் மார்ஃபினை வைப்பதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மருந்தை எழுதக் கற்றுக்கொள்ளாமலே படிப்பை முடித்தனர். புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் லட்சக்கணக்கானோர் வலியிலேயே மடிந்தனர்.

இதை மாற்றப் போராடியவர்களில் முதன்மையானவர் கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் அவரும் நண்பர்களும் தொடங்கிய வலி, ஆதரவுச் சிகிச்சை அமைப்பு, உள்ளூர்த் தொண்டர்களின் துணையோடு வீடுவரை சென்று மார்ஃபின் தந்து, அதைத் தவறாகப் போகாமல் காக்கவும் முடியும் என்று செய்து காட்டியது. நீண்ட முயற்சிக்குப் பின் 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்று அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி 2015-ல் வந்தது.

விதி மாறியும் நிலை போதிய அளவு மாறவில்லை. வலி நிவாரணம் குறித்து 2017-ல் வெளியான லான்செட் ஆணையத்தின் மதிப்பீட்டில், இந்தியாவின் தேவையில் சுமார் 4 சதவீத ஓபியாய்டு மட்டுமே நோயாளிகளுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் 1990-களின் இறுதியிலிருந்து ஆக்சிகோடோன் மாத்திரைகளை நிறுவனங்கள் தாறுமாறாக விற்றதால் ஒரு பேரழிவு தொடங்கியது. அதே காலத்தில் இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இரண்டுமே சட்டத்தின் தோல்விகள்தான். அங்கே நிறுவனங்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய சட்டம். இங்கே மருத்துவரின் கையைக் கட்டிப்போட்ட சட்டம்.

என்ன செய்ய வேண்டும்?

புதிய மூலக்கூறுகளைப் பொறுத்தவரை, வகையாகத் தடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் அதோடு இரண்டு கதவுகள் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் மருத்துவ ஆய்வு நிறுவனங்களும் எளிய பதிவின் மூலம் ஆராய்ச்சி செய்ய வழி வேண்டும். கெடுதல் செய்யாது என்று உறுதியான பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கும் வழியும் வேண்டும்.

மருந்தாலையிலிருந்து வெளியேறும் சரக்கைப் பொறுத்தவரை, கண்காணிப்பு தெருமுனையில் தொடங்கக் கூடாது. மூலவேதிப்பொருளின் விற்பனை, மொத்த வியாபாரியின் கொள்முதல், ஏற்றுமதி ஆணை, இறக்குமதி நாட்டின் ஒப்புதல் ஆகியவற்றை ஒரே மின்பதிவில் இணைத்தால், ஒரு சிற்றூர் மருந்துக்கடைக்கு லட்சம் மாத்திரைகள் போவது பிடிபடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். டேப்பென்டடாலுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாடு முதலில் உற்பத்தியாளரையும் மொத்த வியாபாரியையும் நோக்கியதாக இருக்க வேண்டும்.

அடிமைப்பட்டவரைப் பொறுத்தவரை, என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64-ஏ பிரிவே, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் ஒருவரைச் சிறிய அளவுக்கான வழக்கிலிருந்து விடுவிக்கிறது. இந்தப் பிரிவு வழக்கறிஞர்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் தெரிந்த அளவுக்குப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. பியூப்ரெனார்ஃபின், மெதடோன் மாற்றுச் சிகிச்சை மரணத்தைக் குறைக்கிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான உண்மை. அது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் கிடைக்க வேண்டும். சிறையிலிருந்து வெளியேறும் நாளில் அந்தச் சிகிச்சை அறுபடக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் ஊழியரின் பெட்டியிலும் மறுவாழ்வு மையத்திலும் நலாக்சோன் இருக்க வேண்டும். குடும்பத்தாரும் அதைப் பயன்படுத்தக் கற்றிருக்க வேண்டும்.

வலியோடு வாழ்பவரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் 2015-ம் ஆண்டு விதிப்படி அங்கீகாரம் பெற்று, வாய்வழி மார்ஃபினையும் ஃபென்டனில் பட்டையையும் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் மாணவர் ஒருவர் ஓபியாய்டைச் சரியாக எழுதவும், சரியான நேரத்தில் நிறுத்தவும் நோயாளியின் அருகிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

போதைப்பொருள் சட்டத்தின் வெற்றியை இதுவரை பிடிபட்ட கிலோக்களாலும் போடப்பட்ட வழக்குகளாலும் அளந்து வந்திருக்கிறோம். அளவுக்கு மீறிய ஓபியாய்டால் எத்தனை பேர் இறந்தனர், வலி தணிக்கும் மருந்து கிடைக்காமல் எத்தனை பேர் இறந்தனர் என்ற இரண்டு எண்களை மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மட்டுமே அந்தச் சட்டம் தன் கடமையைச் செய்கிறது.